நவம் அண்ணை இளைத்த வருடம்

மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. பாரிசில், ரூ லூயி-பிளாங் தெருவில் நான் வேலை செய்யும் பயண முகவர் கடையில், கொழும்புக்குப் போகும் ஒரு குடும்பத்துக்கு ரிக்கெற் பதிந்துகொண்டிருந்தேன். சின்னப்பிள்ளையின் பெயரைக் கடவுச்சீட்டைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடித்துக்கொண்டிருந்தபோது ஆரணியின் அழைப்பு வந்தது. ஆரணி, நவம் அண்ணையின் மகள். இங்கே பிறந்தவள். தகப்பனோடு மட்டும் தமிழ், மற்ற எல்லாரோடும் பிரெஞ்சு. செய்தியைப் பிரெஞ்சில் சொல்லி முடித்தாள். பிறகு எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாளோ, தனக்கே விளங்கவில்லையோ, அதையே தமிழில் சொல்லப் பார்த்தாள். "மாமா, அப்பா" என்றதற்கு மேல் அவளுக்குச் சொல் வரவில்லை. "ஓம் பிள்ளை, ஓம்" என்றேன்.

முன்னால் இருந்த பிள்ளையின் தாய் என்னவென்று கேட்டார். நவம் அண்ணை போய்விட்டார் என்று சொன்னேன். "எந்த நவம்? மலைக்குப் போறவரோ?" என்று கேட்டவர், பிள்ளையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார். பிள்ளையின் பெயரை இரண்டு தரம் பிழையாக அடித்து, மூன்றாம் தரம் திருத்தி, ரிக்கெற்றைக் கையில் கொடுத்து அவர்களை அனுப்பிய பிறகுதான் பின்னறைக்குப் போய் இருந்தேன்.

எங்கள் கடைகள் இருக்கும் லா சப்பல் பகுதியில் நவரத்தினம் என்று பெயருள்ள நவங்கள் பலர் உண்டு. அதனால் எங்கள் சனம் அவருக்கு அடையாளம் வைத்திருந்தது. மரியாதையாகச் சொல்பவர்களுக்கு அவர் மலை நவம். பகிடி பண்ணுபவர்களுக்குச் சோறு தின்னாத நவம். எங்கள் கடையிலிருந்து நாலு கடை தள்ளி இருக்கும் சாப்பாட்டுக் கடையில் அவர்தான் சமையல். மத்தியானம் நான் அங்கேதான் சாப்பிடுவேன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அவருடைய வீடு புறநகர் சார்செலில், என்னுடையது கார்ஜில். வேலை முடிந்து ஒரே ரயிலில் திரும்புவோம். இதை வாசிப்பவர்களில் சிலருக்கு அவரை என்னைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கும். ஆனால் அவருடைய கடைசி வருடத்தைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவரைப் புகழ்ந்து எழுதினால் அது பொய்யாகப் போய்விடும்.

மலை அவருக்கு வந்த கதையை முதலில் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் பாரிசுக்கு வந்து, ஒரு பிரெஞ்சு உணவகத்தின் நிலக்கீழ் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கினார். அங்கே தலைமைச் சமையல்காரர் ஜெரார். ஸ்பெயின் எல்லையில் இருக்கும் பிரெனே மலைப்பக்கத்து ஆள். ஒரு விடுமுறைக்கு ஜெரார் இவரைக் குடும்பத்தோடு தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். "பத்து வருசம் குசினிக்குள்ளை நிண்டனான் தம்பி. மேலை பாத்தா ரியூப் லைற். அண்டைக்குத்தான் மேலை பாத்துக் கழுத்து நொந்தது" என்று என்னிடம் சொன்னார். அந்த மலைகளில் இசார் என்றொரு விலங்கு உண்டு. ஆட்டைப்போல இருக்கும், கொம்பு கொக்கிபோல வளைந்திருக்கும், மனிதர் கால் வைக்க அஞ்சுகிற பாறையில் நின்று மேயும். ஜெராரின் ஊர்க்காரர் இலையுதிர்காலத்தில் அதை வேட்டையாடுவார்கள். ஒரு பருவத்துக்கு இத்தனைதான் என்று அரசாங்கம் எண்ணிக் கொடுக்கும். விடியுமுன் புறப்பட்டு நாலைந்து மணிநேரம் ஏறவேண்டும். கல்லில் படுத்துக் காத்திருக்கவேண்டும். அனேகமான நாட்களில் வெறுங்கையோடு இறங்கவேண்டும். கிடைத்தால் சுட்டவரே அதை முதுகில் கட்டிச் சுமந்து இறக்கவேண்டும். நவம் அண்ணை வேட்டை அனுமதிக்கான சோதனையில் பிரெஞ்சு விளங்காமல் ஒருமுறை தவறி, இரண்டாம் முறை தேறினார்.

அந்த அனுமதி அட்டையைப் பற்றி ஒரு கதை சொல்லுவார். வதிவிடப் பேப்பர் இல்லாமல் இருந்த காலத்தில், லா சப்பல் மெத்ரோ வாசலில் பொலிஸ் நின்றால் திரும்பி அடுத்த ஸ்டேசனுக்கு நடந்து போனவர் அவர். பேப்பர் கிடைத்த பிறகும் சீருடையைக் கண்டால் கால் தானாகத் திரும்புமாம். ஒருநாள் மலையில் காவலர் ஒருவர் மறித்து அனுமதி கேட்டிருக்கிறார். "அட்டையை எடுத்து நீட்டினன். அவன் பாத்துப்போட்டு, 'பொன் ஷாஸ், முசியே' எண்டான். நல்லாய் வேட்டையாடுங்கோ ஐயா எண்டு. நான் அங்கையே நிண்டனான், கொஞ்ச நேரம்." இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார்.

பிறகு 2009 வந்தது. அந்த வருடம் எங்களுக்கெல்லாம் எப்படிப் போனது என்று நான் எழுதத் தேவையில்லை. வன்னியில் அவருடைய தம்பியும் தம்பியின் இரண்டு பிள்ளைகளும் இல்லாமல் போனார்கள். அந்த இலையுதிர்காலம் அவர் மலைக்குப் போகவில்லை, துவக்கைத் தொடவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் சோற்றுக் கோப்பையோடு இருந்தால் எழும்பமாட்டார். என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் சாப்பிட்டார். அடுத்த வருடம் ஜெரார் விடாமல் அழைத்ததால் போனார். பாதி வழியில், மேய்ப்பர்கள் தங்கும் கல் வீட்டுக்கு மேலே அவரால் ஏற முடியவில்லை. ஜெரார் அவரை அங்கே இருத்திவிட்டு மற்றவர்களோடு மேலே போனார். அப்போது நவம் அண்ணைக்கு ஐம்பத்திரண்டு வயது. "கோப்பி சூடாக்கி வை எண்டு சொல்லிப்போட்டுப் போனான். அவனிலை கோவமில்லைத் தம்பி. அவன் செய்தது சரி. அதுதான் நொந்தது" என்றார். பகல் முழுக்க அந்த வீட்டு வாசலில் இருந்து மேலே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்பி வந்து இரத்தம் சோதித்தபோது சீனி வருத்தம் என்று தெரிந்தது. ஆரணிக்கு அப்போது பதின்மூன்று வயது. அவள் இணையத்தில் தேடி, மாச்சாப்பாட்டைக் குறைத்தால் சீனியும் இறங்கும் நிறையும் இறங்கும் என்று வாசித்துக் காட்டினாள். அவர் அதை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போனார். வைத்தியர் ஓம் என்று சொல்லி, சீனிக்குத் தந்த குளிசைகளையும் மெல்ல மெல்லக் குறைத்து எழுதினார். அன்றோடு சோறு, இடியப்பம், பிட்டு, பாண் எல்லாம் நின்றன. முட்டை, மீன், இறைச்சி, கீரை, பாகற்காய், கத்தரிக்காய், தேங்காய்ப்பால் சொதி. இவ்வளவுதான் பதின்மூன்று வருடம். கடையில் நாள்தோறும் நூறு பேருக்குச் சோறு வடித்துக் கொத்துரொட்டி கொத்திவிட்டு, அடுப்புப் பக்கத்தில் நின்று அவித்த முட்டையை உரித்துத் தின்னுவார். பகிடி பண்ணினால் கோபிக்கமாட்டார். "மலைக்கு வயசு தெரியாது, பாரம்தான் தெரியும்" என்பார்.

அவருடைய மனைவி சறோ அக்காவுக்குத்தான் அது பெரிய அடியாக இருந்தது. ஒருநாள் ரயிலில் என் பக்கத்தில் வந்து இருந்து, தனக்குள்ளே பேசுவதுபோலச் சொன்னார். "தம்பி, பிழையெண்டு சொல்லேல்லை. ஆனா நான் சோறு போடாட்டில் எனக்கு அந்த வீட்டிலை என்ன வேலை?" நான் சிரித்தேன். அக்கா சொல்வதற்கெல்லாம் சிரிக்கிற பழக்கம் எனக்கு அப்போதே இருந்திருக்கிறது என்று இப்போது யோசிக்கும்போது தெரிகிறது. அக்கா சண்டை போடவில்லை. கோவாப்பூவை அரிசிபோலச் சீவி அவித்துப் பார்த்தார், சொதியில் முட்டையை உடைத்து ஊற்றிப் பார்த்தார், கணவருக்கு எது பிடிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். தன்னுடைய சோற்றைக் குசினிக்குள் நின்றபடி சாப்பிட்டு முடித்துவிட்டு வருவார். அவருக்கு முன்னால் சோற்றுக் கோப்பையோடு இருந்தால் ஆசை வந்துவிடும் என்று பயம். அப்படிப் பதின்மூன்று வருடம் அவர்கள் இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிடவில்லை என்பது எனக்குக் கடைசியில்தான் தெரியவந்தது.

ஞாயிறு காலைகளில் அவர் தன் கட்டிடத்துப் படிகளில் ஏறுவார். பதினைந்து மாடி. அங்கே லிப்ட் வேலை செய்யும் நாளைவிடச் செய்யாத நாள் அதிகம் என்பதால், அவருக்கு வழிநெடுக ஆட்களின் துணையும் இருந்தது. முதுகுப் பையில் இருபது கிலோ அரிசி மூட்டை. சுட்ட விலங்கைச் சுமந்து இறங்குவதற்கு அதுதான் பயிற்சி. எனக்கும் சீனி வந்த வருடம் என்னையும் சேர்த்துக்கொண்டார். என் பைக்குள் ஐந்து கிலோதான் வைத்தார். எட்டாம் மாடியில் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்போது, "எல்லாரும் சோத்தைத் தின்னுதுகள். நாங்கள் சுமக்கிறம்" என்று சொல்லிவிட்டு மேலே போவார். சாப்பிட்டுப் பல்லுக் குத்தியபடி கதைப்பதுபோல, ஏறிக்கொண்டே கதைப்பார். அவருக்கு மூச்சு வாங்கி நான் கண்டதில்லை. ஐம்பத்தைந்தில் அவர் பழையபடி உச்சிக்கு ஏறினார். அறுபதில் ஜெராருக்கு முன்னால் ஏறினார். சுட்டது குறைவு. 2009க்குப் பிறகு ஒரு பருவத்தில் ஒரு வெடிதான் வைப்பார், சில வருடம் அதுவும் இல்லை. ஏறுவதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன்.

போன வருடம் வசந்தத்தில் அவர் இளைக்கத் தொடங்கினார். பல வருடமாக எண்பது கிலோவில் நின்றவர், சித்திரையில் எழுபத்தாறு, ஆனியில் எழுபத்திரண்டு. அதே சாப்பாடு, அதே படிகள். சந்தோசத்தில் மிதந்தார். "இந்தமுறை பறந்து ஏறுவன்" என்றார். ஒன்று மட்டும் பொருந்தவில்லை. நிறை இறங்க இறங்க, கட்டுக்குள் இருந்த சீனி ஏறியது. தான் எங்கோ கவனக்குறைவாகச் சாப்பிட்டுவிட்டதாக நினைத்து, இருந்த சாப்பாட்டையும் குறைத்தார். வைத்தியரைச் சந்திக்க எடுத்த அடுத்த ரொந்தேவு ஐப்பசியில்தான் இருந்தது. முந்திப் போகலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. யாருக்கும் என்று எழுதுவது சரியில்லை. ஒருவருக்குத் தோன்றியது.

அந்த ஆவணியில் எங்களுக்கு வேண்டிய ஒரு வீட்டுக் கல்யாணம். மண்டபத்தில் நான்தான் மைக் பிடித்து நிகழ்ச்சியை நடத்தினேன். சாப்பாட்டுக்குப் பந்தி தொடங்குமுன், சனத்தைச் சிரிக்க வைக்கவேண்டும் என்று, முன்வரிசையில் இருந்த நவம் அண்ணையை எழுப்பி நிறுத்தினேன். "இவரைப் பாருங்கோ. அறுபத்தைஞ்சு வயசு. மாப்பிள்ளையை விட மெலிவு. சோறு விட்டவரின்ரை வடிவைப் பாருங்கோ" என்றேன். மண்டபம் முழுக்கக் கை தட்டியது. அவர் வெட்கப்பட்டு, தளர்ந்துபோயிருந்த கோட்டைப் பொத்தான் பூட்டி இழுத்துவிட்டு, எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். சறோ அக்கா மட்டும் கை தட்டவில்லை.

பந்தி முடிந்த பிறகு அக்கா என்னைத் தேடி வந்தார். காற்சட்டையை இரண்டு தரம் ஒடுக்கித் தைத்துவிட்டதாகவும், அவர் பின்னேரங்களில் முதுகு நோகிறது என்று சுவரில் சாய்ந்துகொள்வதாகவும் சொன்னார். பிறகு, "தம்பி, அவர் இப்ப முட்டையையும் அரைவாசியிலை வைச்சிட்டு எழும்புறார். நீங்கள் சொன்னாக் கேப்பார். டொக்டரிட்டைப் போகச் சொல்லுங்கோ" என்றார்.

நான் சிரித்தேன். "அக்கா, உங்களுக்கு எப்பவும் அவருக்குச் சாப்பாடு திணிக்கிற யோசினைதான்" என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்கா கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

இதுதான் நான் சொல்லவேண்டியிருந்தது. ஆனால் கதை இத்தோடு முடியவில்லை.

புரட்டாதிக் கடைசியில் மலைக்குப் போனோம். எனக்கு வேட்டை அனுமதி இல்லை. கூடப்போய் ஏறுவது மட்டும்தான், அது எனக்கு நாலாம் முறை. அன்று புல்லில் உறைபனி விழுந்திருந்தது. வழமையாக முன்னுக்குப் போகும் நவம் அண்ணை அன்று பின்னுக்கு வந்தார். முதுகுப் பையின் வார் அறுக்கிறது என்று இரண்டு தரம் கழற்றிக் கட்டினார். கல் வீட்டைத் தாண்டும்போது அவர் அதைப் பார்க்கவில்லை. எழுபத்தைந்து வயது ஜெரார் மேலே நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். வெயில் ஏறிய பிறகுதான் நாங்கள் வழமையாகப் படுக்கும் பாறைக்கு வந்து சேர்ந்தோம். ஜெரார் அடுத்த மேட்டுக்குப் போய்விட்டார்.

ஒருமணிநேரம் கழித்து எதிர்ச்சரிவில் ஓர் இசார் வந்தது. வயதான ஆண், தனியாக வந்தது. முகத்தில் கண்ணிலிருந்து மூக்குவரை ஓடும் கறுப்புக் கோட்டைக்கூட எனக்குத் தூரக்கண்ணாடியில் பார்க்க முடிந்தது. நவம் அண்ணை துவக்கைத் தோளில் வைத்தார். அவர் பிடித்தால் தவறாது என்று எனக்குத் தெரியும். காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். வெடி கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் துவக்கைக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டுத் தோட்டாவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஏன் என்று கேட்டேன்.

"சுட்டால் விழும். விழுந்தால் ஆர் இறக்கிறது?"

"நானும் ஜெராரும் இருக்கிறம்தானே."

"என்ரையை நான்தான் இறக்கவேணும். ஏலாதெண்டு தெரிஞ்சுகொண்டு சுடக்கூடாது." தோட்டாவைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு அந்தச் சரிவைப் பார்த்தபடியே, "எனக்கு என்னவோ செய்யுது தம்பி. கனநாளாச் செய்யுது" என்றார்.

இசார் அவசரமில்லாமல் மேய்ந்துகொண்டு பாறைக்குப் பின்னால் போனது. அடுத்த மேட்டிலிருந்து இசாரைக் கண்ட ஜெரார், வெடிச்சத்தம் கேட்காததால் வந்து பார்த்தார். நவம் அண்ணையின் பையைத் தூக்கித் தன் பைக்கு மேலே போட்டுக்கொண்டார். முன்பெல்லாம் யாரையும் தன் பையைத் தொட விடாதவர், அன்று விட்டார்.

பாரிசுக்கு வந்த கிழமையே ஸ்கானர் எடுத்தார்கள். கணையத்தில் புற்று, ஈரலுக்கும் போய்விட்டது. நிறை இறங்கியதும், சீனி ஏறியதும், முதுகு நொந்ததும் எல்லாம் அதனுடைய வேலை. நாங்கள் கைதட்டிய அந்த மெலிவு, நோய் அவரைத் தின்றுகொண்டிருந்த மெலிவு. வசந்தத்திலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று ஆரணி கேட்டபோது, வைத்தியர் தெரியாது என்றார். முடியாது என்று சொல்லியிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும்.

மார்கழியில், ஆஸ்பத்திரியில் அவரோடு தனியாக இருக்க ஒரு பின்னேரம் கிடைத்தது. அக்கா கீழே கோப்பி வாங்கப் போயிருந்தார். நான் மைக்கில் சொன்னதையும், அக்கா என்னிடம் வந்து சொன்னதையும், நான் சிரித்ததையும், எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நித்திரையாகிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"இதை அவவிட்டைச் சொன்னனீரோ?" என்றார்.

இல்லை என்றேன்.

"அப்ப என்னட்டை ஏன் சொல்லுறீர்? அவவிட்டைச் சொல்லும். கண்டுபிடிச்சது அவ. ஒருத்தரும் அவவை நம்பேல்லை. நானும்தான். எனக்கும் அவ சொல்லிச் சொல்லி அழுதவ. நான் என்ன சொன்னனான் தெரியுமோ? உமக்குப் பொறாமை எண்டு சொன்னனான்."

அதற்குப் பிறகு அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் அழுது நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

அவருக்கு இனி எதையும் சாப்பிடக் கொடுக்கலாம் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். அக்கா அடுத்தநாளே சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்தார். நானும் ஆரணியும் அறையில் இருந்தோம். அண்ணை ஒரு கரண்டி வாயில் வைத்தார், விழுங்க முடியவில்லை. அக்கா கோப்பையை மூடப்போனார். அண்ணை அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினார். "அப்ப நீர் சாப்பிடும். இஞ்சை இரும். எனக்கு முன்னாலை இருந்து சாப்பிடும்" என்றார். அக்கா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, கண்ணீர் வடிய வடிய ஒரு கோப்பைச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தார். அண்ணை கடைசிப் பிடிவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் அப்படித்தான் நடந்தது. மாசியில் போய்ச் சேர்ந்தார்.

தகனத்துக்கு நல்ல சனம். ஜெரார் இரவு ரயிலேறி வந்து, கறுப்புக் கழுத்துப்பட்டியோடு எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசலில் நின்றார். ஆரணி போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தாய்க்குப் பக்கத்தில் நிறுத்தினாள். மண்டபத்தில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் மெதுவாகக் கதைத்தார்கள். "சோறில்லாமல் உடம்பு என்னெண்டு தாங்கும்? அதுதான் மனுசன் போட்டுது." அக்காவுக்கும் அது கேட்டது. அவருடைய தோள் அசைந்ததை நான் பார்த்தேன். அன்று நான் திரும்பி ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். சோறு விட்டதால் அவர் சாகவில்லை. வைத்தியரிடம் இதையும் கேட்டோம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றார். அந்தச் சாப்பாடு அவருக்குப் பத்து வருடம் மலையைத் திருப்பிக் கொடுத்தது. கடைசி வருடத்தில் நாங்கள் அவருடைய உடம்பைப் பார்த்தோம், அவரைப் பார்க்கவில்லை. அக்கா ஒருவர்தான் அவரைப் பார்த்தார். அந்த அக்காவைப் பார்த்து நான் சிரித்தேன். கல்யாண மண்டபத்தில் மைக்கில் சொன்னதற்குப் பதிலாக, அங்கே கைதட்டிய எல்லாரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

ஆனால் எழுதுமுன் நேரில் போனேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து இரண்டு கிழமை கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் சார்செலுக்குப் போய், அக்காவுக்கு முன்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவிடம்தான் சொல்லவேண்டும் என்று அண்ணை சொன்னதையும் சொன்னேன். அக்கா மேசைவிரிப்பின் ஓரத்தைத் தடவினார்.

"எனக்கும் ஒண்டும் தெரியாது தம்பி" என்றார். "நான் பயந்தது மட்டும்தான்."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கழுத்தையும் சட்டைக் கொலரையும் பார்த்தார்.

"நீங்கள் இப்ப எத்தினை கிலோ?"

எழுபத்தொன்று என்றேன். போன வருடம் எழுபத்தைந்து.

"வேணுமெண்டு குறைச்சதோ?"

நவம் அண்ணை போனதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதானா என்று யோசித்துப் பார்க்கவில்லை. வழமைபோலச் சிரித்து மழுப்ப வாய் போனது. அக்கா சிரிக்கவில்லை. நானும் நிறுத்தினேன். அவருக்கு முன்னால் இருந்தே வைத்தியருக்கு ரொந்தேவு எடுத்தேன். எனக்கு ஒன்றுமில்லை என்று முடிவு வந்த அன்று முதலில் அவருக்குத்தான் சொன்னேன். "சரி, அடுத்த மாசமும் வந்து சொல்லுங்கோ" என்றார். போனேன். இந்த மாதமும் போவேன்.

பயப்படுகிற ஆளைப் பார்த்து நான் இப்போது சிரிப்பதில்லை. நவம் அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். பிந்தித்தான் வந்தது.